பெரியவளுக்கு, டேப் குறித்து

அம்பாசமுத்திரம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். பிசான நெல் பால்பிடித்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நெல் கணக்குக்கு நீ எழுதித் தந்த நிரல் மறுபடி ஓடுகிறது. 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று அது நின்றுபோனது மேக்ஃபைலில், அதாவது மேக் என்ற கருவி படித்து ஓட்டும் கட்டளைக் கோப்பில். அந்தக் கோப்பில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் விசையை அடித்துத் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி விட்டாலும் கண்ணுக்கு அப்படியே தெரியும், ஆனால் மேக் ஏற்காது. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் அதை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், இந்த டேப் விதி தொல்லை என்று தெரிந்த பிறகும், பத்துப் பன்னிரண்டு பேர் பழகிவிட்டார்களே என்று மாற்றாமல் விட்டாராம். (பிடிவாதம் நம் வீட்டில் மட்டும் இல்லை.)

பைத்தான் மொழி நிரலுக்கு வரித் தொடக்கத்தில் நான்கு இடைவெளி வழக்கம். அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் கோப்புக்கு இரண்டு, அங்கே டேப் கூடவே கூடாது. ஆகவே ஒரே அளவை எல்லாக் கோப்புக்கும் வைக்காதே. கோப்புகளைத் திருத்தும் விம் எடிட்டரில் வகைக்கு ஒரு அமைப்புக் கோப்பு வைத்து, அதில் 'செட்' என்று எழுதாமல் 'செட்லோக்கல்' என்று எழுது. இல்லையென்றால் ஒன்றுக்குச் சொன்னது அடுத்துத் திறக்கும் கோப்புக்கும் தொற்றிக்கொள்ளும். உனக்கே இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் புது அலுவலகத்தில் பலர் கை படும் கோப்புகள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். எந்த வகைக்கு எந்த அளவு என்று எல்லார் எடிட்டருக்கும் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றை வேலையோடு சேர்த்தே வைத்துவிடு. ஒரே அளவை மட்டும் எல்லாவற்றுக்கும் வைக்காதே.

உன் நிரலில் ஒரு வரிகூட மார்ஜின் தவறவில்லை; என் தட்டச்சு வகுப்பில் அப்படிப்பட்ட தாளை நான் அதிகம் பார்த்ததில்லை. எந்த வரி எதற்கு என்று ஒரு குறிப்பு மட்டும் நீ எழுதி வைத்திருக்கலாம்.

எழுதி வைத்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். விம்மின் பொது அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் 'ஃபைல்டைப் பிளக்இன் இன்டென்ட் ஆன்' என்று நீ எழுதியிருந்த வரியைப் பயனற்றது என்று அழித்தவன் நான்தான். அது இருந்தவரை, மேக்ஃபைலைத் திறந்தால் விம் தானாகவே டேப்புக்கு மாறிக்கொண்டது. அதை அழித்துவிட்டு, எல்லாம் பைத்தானைப் போல் சீராக இருக்கட்டும் என்று டேப் அடித்தால் இடைவெளியாக்கும் எக்ஸ்பேண்ட்டேப் போட்டு, மேக்ஃபைலுக்கு, இருப்பதையும் மாற்றும் ரீடேப்பும் கொடுத்தேன், டேப்பெல்லாம் இடைவெளியாகிவிட்டது. பிறகு கார்த்திகைக்கு நீ வந்திருந்தபோது, அத்தையும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், 'அரைகுறையாகச் செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்' என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

தட்டச்சுப் பொறியில் ஸ்டேட்மெண்டுக்கு (அட்டவணைக்கு) வைத்த டேப்பைக் கழற்றாமல் கடிதத்தைத் தொடங்காதே என்று இளநிலைத் தேர்வுக்கு வந்த பிள்ளைகளிடம் முப்பது வருடம் சொன்னவன் செய்த காரியம் இது.

அந்த வரியை இருந்த இடத்திலேயே திரும்ப எழுதிவிட்டேன். மேக்ஃபைலில் பதினேழு வரிக்கும் கையாலேயே டேப் அடித்தேன். தவறு என்னுடையது என்று நேற்று அத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். யாமல் கோப்பு ஒன்று இருக்கிறது. அதை நான் தொடவில்லை. நீ சொன்ன பிறகு திறக்கிறேன்.

அப்பா