இஸ்ஸா அழுதது பற்றி ரங்கனுக்கு

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. பெரியக்கா போன செய்தியை நீ போனில் சொன்னபோதும் எனக்கு வாய் வரவில்லை, உனக்கே தெரியும். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தென்காசியிலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் வரமுடியாமல் போனதில் இவளுக்கும் வருத்தம். இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. துணி எதுவும் காய்வதில்லை, வாசல் திண்ணையில் உட்கார்ந்து எழுதினால் காகிதம் நமுத்துப்போகிறது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஆத்மாவுக்கு அழிவில்லை, பழைய வேஷ்டியைக் களைந்து புதுசு கட்டுவது மாதிரிதான் என்று சொல்லிவிட்டு காபி குடித்துப் போனார்கள், நானும் இத்தனை காலம் மற்றவர் வீட்டில் போய் அதையேதான் சொல்லியிருக்கிறேன், இப்போது ராத்திரியில் பாசுரம் வாயில் வரமாட்டேன் என்கிறது, அழுகைதான் வருகிறது, அப்படியானால் ஆயுசு பூரா சேவித்ததெல்லாம் வெறும் வாய்ப்பாடம்தானா என்று கேட்டிருக்கிறாய். பக்தி விஷயத்தில் உனக்குப் பதில் சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. கோயிலுக்கு நான் போவது எதற்கு என்று உன் வீட்டுப் புளியோதரைக்கே தெரியும். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு ஜப்பான்காரனோடுதான் என் பொழுது போகிறது, உன் கேள்வியைப் படித்ததும் அவன் ஞாபகம்தான் முதலில் வந்தது. அவனைப் பற்றி எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

கோபயாஷி இஸ்ஸா. 1763இல் பிறந்தவன். மலையும் பனியுமாக இருக்கும் ஷினானோ நாட்டில் காஷிவபாரா என்று ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். பேர் கேட்டிருப்பாய். ஜப்பானியக் கவிதை பற்றி பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். நாம்தான் கல்லூரியில் ஹைக்கூ என்றால் மூன்று வரி என்பதோடு நிறுத்திக்கொண்டோம். இஸ்ஸா இருபதாயிரத்துக்கும் மேல் எழுதித் தள்ளியிருக்கிறான், அதில் பாதிக்குமேல் சுமார் ரகம்தான், என்னைக் கேட்டால். இவனுக்கு முந்தைய பெரிய ஹைக்கூ கவி பாஷோவிடம் இருக்கும் கம்பீரம் இவனிடம் கிடையாது. ஈ, தெள்ளுப்பூச்சி, நத்தை, சிட்டுக்குருவி, சண்டையில் தோற்கப்போகும் நோஞ்சான் தவளை, இவைதான் இவன் ஆட்கள். அந்தத் தவளையைப் பார்த்து, விட்டுவிடாதே, இஸ்ஸா இங்கே இருக்கிறேன் என்கிறான். ஒருவர் ஈயை அடிக்கக் கை ஓங்கினால், அடிக்காதீர், பாருங்கள், கையைத் தேய்த்துக் காலைத் தேய்த்துக் கும்பிடுகிறது என்கிறான். படித்தால் சிரிப்பு வரும். அந்த ஆளின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு திரும்பப் படித்தால் அவ்வளவு லேசாகச் சிரிக்க முடியாது.

மூன்று வயதில் அம்மா இல்லை. சித்தி வந்தாள், அவளுக்கு ஒரு மகன் பிறந்தான், அதற்கப்புறம் வீட்டில் இவனுக்கு இடமில்லை. பதினைந்து வயதுவாக்கில் அப்பாவே கொஞ்ச தூரம் கூடவந்து எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, பிழைப்புக்கு அனுப்பிவிட்டார். 1801இல் ஊருக்கு வந்திருந்த சமயம் அப்பா காய்ச்சலில் விழுந்தார். அந்தக் கடைசி நாட்களை இவன் ஒரு குறிப்பாக எழுதி வைத்திருக்கிறான். அதில் எனக்கு மறக்காத இடம்: காய்ச்சலில் கிடப்பவர் பேரிக்காய் வேண்டும் என்கிறார். பேரிக்காய் காய்க்கும் காலமே இல்லை. இவன் ஸென்கோஜி ஊர்வரை நடந்துபோய்க் கடைகடையாகக் கேட்கிறான், உலர்ந்தது கிடைத்தால்கூடப் போதும் என்று. ஒன்றும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தனை பெரிய புண்ணியத் தலம் ஸென்கோஜி, அங்கேயும் ஒரு பேரிக்காய் இல்லை. இதை அவன் குறையாகச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

அப்புறம் சொத்துத் தகராறு. பாதி உனக்கு என்று அப்பா எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். சித்தியும் தம்பியும் விடவில்லை. பன்னிரண்டு வருஷம் இழுத்து, 1813இல் சமரசம் ஆகி, அப்பா வீட்டையே நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ஈக்கு இரங்குகிற மனுஷன் பன்னிரண்டு வருஷம் பாகத்துக்கு நின்றிருக்கிறான் என்பதில் எனக்கு அவன்மேல் மதிப்பு கூடத்தான் செய்தது. உங்கள் மேலச்சித்திரை வீதி வீட்டுக் கதை என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லையே.

ஐம்பது தாண்டிக் கல்யாணம். பெண்டாட்டி பேர் கிகு, பாதி வயசுக்காரி. முதல் பையன் பிறந்து ஒரு மாதத்துக்குள் போய்விட்டான். இரண்டாவது பெண் குழந்தை, 1818இல். சாதோ என்று பேர் வைத்தார்கள். இந்தக் குழந்தையைப் பற்றி அவன் எழுதியிருப்பதைத்தான் நீ படிக்க வேண்டும் ரங்கா. ஜப்பான் வீட்டுக் கதவுகளில் மெல்லிய காகிதம் ஒட்டியிருப்பார்கள் அல்லவா, அதைக் குழந்தை சரசரவென்று கிழிக்கிறது. அப்பன், சபாஷ் சபாஷ் என்று பாராட்டுகிறான். அது கலகலவென்று சிரித்துவிட்டு இன்னும் கிழிக்கிறது. சாயங்காலம் இவன் பூஜை மாடத்தில் விளக்கேற்றி மணி அடித்தால் எங்கே இருந்தாலும் தவழ்ந்து ஓடிவந்து, குட்டிக் கையைச் சேர்த்து, 'நன்மு நன்மு' என்று மழலையில் சொல்லுமாம். நமு அமிதா புத்ஸு, அதாவது அமிதாப புத்தருக்கு வணக்கம் என்பது அவர்கள் நாமம். குழந்தை வாயில் அது அப்படித்தான் வந்தது. அதைப் பார்த்து அப்பன், நரைத்த தலையை வைத்துக்கொண்டு எனக்கு இந்த பக்தி இல்லையே என்று வெட்கப்படுகிறான்.

1819இல் அதற்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து. கொப்புளம் காய்ந்து, பனி உருகும்போது மண் பெயர்வது போலப் பொருக்கு உதிரத் தொடங்கியதும், ஆபத்து நீங்கியது என்று வீட்டில் சந்தோஷம். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அங்கேயும் அம்மை என்றால் வந்திருக்கும் தெய்வம்தான்! இறங்கியதும் மரியாதை செய்து அனுப்ப வேண்டும். வைக்கோலில் வட்டத் தட்டு ஒன்று பின்னி, குழந்தைக்கு வெந்நீர் தெளித்து நீராட்டியதாக ஒரு பாவனை செய்து, தெய்வத்தை வழியனுப்புகிறார்கள். மூங்கில் இலையைத் தோய்த்துத் தெளிக்கும் வழக்கம் அது. நமக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர், முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். என் அம்மா எனக்கு ஊற்றியதும், சமயபுரத்துக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணியும் இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்னொன்று, இஸ்ஸா சார்ந்த ஷின் என்கிற பௌத்தப் பிரிவு இந்த மாதிரிச் சடங்கு சாங்கியங்களை ஒப்புக்கொள்வதில்லை. அமிதாபரைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பவர்கள். தெரிந்துதான் செய்திருப்பான். பிள்ளை கிடக்கும்போது எந்த அப்பன் சித்தாந்தம் பார்ப்பான்?

தெய்வத்தை அனுப்பியாகிவிட்டது, குழந்தை தேறவில்லை. நாளுக்கு நாள் துவண்டு, ஆறாம் மாதம் இருபத்தொன்றாம் தேதி போய்விட்டது. கிகு அந்த முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு ஓவென்று அழுகிறாள். இஸ்ஸா எழுதுகிறான்: ஓடிய தண்ணீர் திரும்பாது, உதிர்ந்த பூ கிளைக்குப் போகாது, இதெல்லாம் தெரிந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டாலும் பாசம் அறுபடமாட்டேன் என்கிறது. அதற்குக் கீழேதான் அந்தக் கவிதை. இந்த உலகம் பனித்துளி உலகம்தான், தெரியும், ஆனாலும், ஆனாலும். அவ்வளவுதான், வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது.

உலகம் பனித்துளி என்பது அவன் குருமார்கள் சொல்லிக்கொடுத்தது. அதை அவன் மறுக்கவில்லை, ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுகிறான். உன் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன ஆத்மா, வேஷ்டி எல்லாம் உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அது உண்மை என்பதால் பெரியக்கா அடுக்களையில் இல்லாதது பொய்யாகிவிடாது. நீ அழுதுகொண்டே பாசுரம் சொல், வராவிட்டால் விடு, மறுநாள் வரும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது உன் துறை. ஷின்ரான் (1173–1263) ஏற்படுத்திய அந்த ஷின் வழியில், நம் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, அமிதாபரின் கருணைதான் கரையேற்ற வேண்டும் என்பார்கள். உங்கள் தென்கலைப் பூனைக்குட்டி நியாயம்தான் அப்படியே. குரங்குக்குட்டிதான் தாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். இஸ்ஸா அந்த வருஷக் கடைசியில் இதைப் பற்றிக் கிண்டலாக எழுதியிருக்கிறான்: கருணை, கருணை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதிலேயே மும்முரமாக இறங்குகிறவர்கள், கடைசியில் அந்தக் கருணைக் கயிற்றிலேயே கட்டுண்டு, சுயமுயற்சி என்னும் நரக நெருப்பில் பொத்தென்று விழுவார்கள் என்று! சிரித்துவிட்டேன். எனக்கு பக்தி போதவில்லையே, ஏன் அழுகிறேன் என்று நீ தராசு வைத்து நிறுத்துப் பார்க்கிறாயே, அதுவும் குரங்குக்குட்டி வேலைதான் ரங்கா. குழந்தை போன வருஷத்தை அவன் எப்படி முடிக்கிறான் தெரியுமா? அமிதாபரிடம் சொல்கிறான், எப்படியானாலும் சரி, எல்லாம் உன் பொறுப்பு, வருஷம் முடிகிறது. இதைப் பெரிய சரணாகதியாகப் பாடவில்லை, கணக்குப் புத்தகத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்துபோகிற தொனிதான்.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா என்றால் இல்லை. அடுத்த பையன் தாய் முதுகில் கட்டியிருந்தபடியே மூச்சுத் திணறிப் போனான், 1821இல். 1823இல் கிகு போனாள், அதே வருஷம் நாலாவது குழந்தையும். இரண்டாம் கல்யாணம் சில மாதத்துக்குள் முறிந்தது, மூன்றாவது தங்கியது. 1827இல் ஊரில் தீப்பிடித்து, அத்தனை வழக்காடி வாங்கிய பாதி வீடும் சாம்பல். தப்பியது மண்சுவர்க் களஞ்சியம் ஒன்றுதான். அதற்குள் குடியேறினான். எரிந்த மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறதாம், தெள்ளுப்பூச்சிகள் குதித்துக் கும்மாளம் போடுகின்றனவாம், அதையும் ஒரு கவிதையாக்கியிருக்கிறான். வீடு எரிந்தவன் எழுதுவதைப் பார்! அந்தக் குளிர்காலத்தில், நம் கணக்குக்கு 1828 ஜனவரியில், அங்கேயே உயிர் போயிற்று. களஞ்சியத்தை இன்றைக்கும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவன் போன பிறகு ஒரு பெண் பிறந்தது, அது பிழைத்து வளர்ந்தது.

நாம் நரகத்தின் கூரைமேல் நடந்துகொண்டே பூ வேடிக்கை பார்க்கிறோம் என்று ஒரு கவிதை உண்டு அவனுக்கு. வாலிப வயதில் படித்திருந்தால், என்ன கசப்பு இந்த ஆளுக்கு என்று தள்ளிவைத்திருப்பேன். இப்போது கசப்பாகத் தெரியவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று தெரியும், பூவும் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டையும் சொல்லியிருக்கிறான். நம் ஆட்கள் இயற்கையைப் பாட வந்தால் ஒன்று உருகுவார்கள் இல்லையேல் உபதேசம் செய்வார்கள், நானும் அந்தக் கூட்டம்தான் என்று வைத்துக்கொள். இவன் ஈயோடு பேசுவது ஜீவகாருண்யம் பிரசங்கம் மாதிரி இல்லை. தெரு முனையில் பார்த்த ஆளிடம், என்ன, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்தவன் அப்படிக் கேட்பதால்தான் நம்ப முடிகிறது.

சரி, ரொம்ப இழுத்துவிட்டேன். இங்கே விசேஷம் பெரிதாக ஒன்றுமில்லை. சின்னவளுக்கு மாற்றல் கிடைத்துவிடும் போலிருக்கிறது. முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்கிறார் டாக்டர், நான் எண்ணெய் என்கிறேன், இவள் இரண்டும் என்கிறாள். புதுக் கவிதை ஒன்றிரண்டு எழுதினேன், உனக்கு அனுப்புகிற தரத்தில் இல்லை.

ஒரு காரியம் மட்டும் செய். பெரியக்கா மாவடு போடும் ஜாடி, கழுத்தில் பழுப்பு வளையம் போட்ட பீங்கான், அது யாருக்குப் போகப்போகிறது? பாத்திரம் பண்டம் பிரிக்கும்போது யாரும் கேட்கவில்லை என்றால் எனக்கு எடுத்து வை. நம் விடுதி நாட்களில் பாதி அதிலிருந்து நான் தின்று தீர்த்ததுதான், எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. மச்சினன் ஆவணியில் திருச்சி வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்பு, வைக்கோல் வைத்துக் கட்டு, அவன் பஸ்ஸில் வைத்து உடைத்துவிடுவான்.

அன்புடன்,
சண்முகம்