பச்சை ஃபோம் வேண்டாம், தண்டை வெட்டும் முறையைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பூச்சாடி அலங்கரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்புகளைப் படித்தோம். விசேஷ நாளில் கடைக்காரரை அழைக்காமல் வீட்டிலேயே செய்யலாம் என்று எழுதியது நல்ல காரியம். ஆனால் அதில் சொன்ன மூன்று யோசனைகளைத் திருத்தியே ஆக வேண்டும். தண்டின் அடியைச் சுத்தியலால் நசுக்குவதும், தண்ணீரில் வெறும் சர்க்கரையைப் போடுவதும் பூவைச் சீக்கிரம் வாடவைக்கும். தண்டைக் குத்தி நிறுத்தும் பச்சை ஃபோம் கட்டியை வாங்குவது வீட்டு அலங்காரத்துக்குத் தேவையே இல்லாத செலவு.

சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் ரோஜா தலை கவிழ்கிறதென்றால், அந்தத் தண்ணீர் பூ வரைக்கும் ஏறவில்லை என்று பொருள். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் மிக மெல்லியவை. செடியிலிருந்து வெட்டியதுமே காற்று உள்ளே இழுக்கப்பட்டுக் குமிழாக நின்றுவிடும். அதோடு, சாடித் தண்ணீரில் பெருகும் பாக்டீரியா வெட்டுவாயை வந்து அடைக்கும். நசுக்கிய தண்டில் குழாய்களும் சிதைகின்றன, சிதைந்த சதை பாக்டீரியாவுக்குத் தீனியும் ஆகிறது. சமையலறைக் கத்தரிக்கோலும் ஏறக்குறைய இதே கெடுதலைத்தான் செய்யும். கூரான சிறு கத்தியோ, செடி வெட்டும் கத்தரியோ வேண்டும்.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே 2 முதல் 3 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் வெட்டும்போது காற்றுக்குப் பதில் தண்ணீரே உள்ளே போகும். நேராக வெட்டினால் தண்டு சாடியின் அடியில் ஒட்டி நின்று வாய் மூடிக்கொள்ளும், சாய்வெட்டில் அது நடக்காது. தண்ணீர்மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை ஒன்றுவிடாமல் உருவிவிடுங்கள். பிறகு, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் உள்ள தண்ணீரில் தண்டு பாதி முங்கும்படி 2 மணி நேரம், வெயிலும் காற்றும் படாத மூலையில் வாளியோடு நிறுத்தி வையுங்கள். இந்த 2 மணி நேரத்தைத் தவிர்த்துவிட்டு நேரே அலங்காரத்தில் இறங்குவதால்தான் காலையில் வைத்த பூ மாலையிலேயே துவண்டுவிடுகிறது.

சர்க்கரை பூவுக்கு உணவுதான். ஆனால் தனியாகப் போட்டால் பாக்டீரியாவுக்கே முதல் பந்தி. 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, வாசனை சேர்க்காத பிளீச் திரவம் கால் தேக்கரண்டி, இதுதான் அளவு. பிளீச்சை முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டுக் கடைசியில் எலுமிச்சையைச் சேருங்கள். இரண்டையும் தண்ணீரில்லாமல் நேரடியாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது மூச்சுக்கு ஆபத்து. பிளீச் கூடிப்போனால் தண்டின் அடி வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். ரோஜாவுக்கும் தண்டோடு வரும் சம்பங்கிக்கும் இந்தக் கரைசல் நன்றாகப் பலன் தரும். ஆந்தூரியத்துக்கும் வெறும் இலைகளுக்கும் சர்க்கரை தேவையில்லை. செப்புக்காசு போடும் வழக்கத்தில் பயன் இல்லை, காசிலிருந்து கரையும் செம்பு அவ்வளவு சொற்பம். கடற்கரை ஊர்களில் கிணற்று நீர் உப்பு ஏறியிருந்தால் அதைப் பூவுக்கு ஊற்ற வேண்டாம், குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது.

அடுத்து, பச்சை ஃபோம். 1954-இல் அமெரிக்காவில் வந்த பொருள் இது. பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக். மக்காது, கையால் கசக்கினால் தூளாகி நுண்பிளாஸ்டிக்காகத்தான் மிஞ்சும். பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் இதை அனுமதிப்பதில்லை. நம் மாவட்டத்தில் ஆலயத் திருவிழா தோறும் பீட அலங்காரத்துக்கு எத்தனை கட்டி ஃபோம் போகிறது, அது கடைசியில் எந்தக் குளத்தங்கரையில் போய்ச் சேருகிறது என்பதை நிர்வாகத்தினர் ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிவைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டியைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டுத் தானாக அமிழவிட வேண்டும். கையால் அழுத்தினால் வெளிப்புறம் நனைந்து நடுவில் வறண்ட காற்றுப்பை நின்றுவிடும், அந்த இடத்தில் குத்திய பூவுக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. ஒருமுறை காய்ந்த ஃபோம் மறுபடி சரியாக ஊறவும் ஊறாது.

இதற்கு மாற்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையில் 1 அங்குலக் கண் உள்ளதாக 30 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, தளர்வான பந்தாகச் சுருட்டிக் கிண்ணத்துக்குள் இறக்கினால், மேல்கண்ணிலும் கீழ்க்கண்ணிலுமாகத் தண்டு இரண்டு இடத்தில் பிடிபட்டு ஆடாமல் நிற்கும். இறுக்கிச் சுருட்டிவிடாதீர்கள், தண்டு நுழையாது. கழுவிக் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கண்ணாடிச் சாடியென்றால் உலர்ந்த விளிம்பின்மேல் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக 2 செ.மீ. இடைவெளியில் ஒட்டிக் கட்டம் கட்டுங்கள். விளிம்பு ஈரமாக இருந்தால் டேப் அரைமணியில் உரிந்துவரும்.

ஒருநாள் விசேஷத்துக்கு வாழையை மிஞ்சியது இல்லை. குலை வெட்டிய வாழையின் தண்டை 4 அங்குல உயரத் துண்டுகளாக்கி, 1 அங்குலம் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் நிறுத்துங்கள். ரோஜாபோல் கெட்டித் தண்டுகள் நேரே இறங்கும். மெல்லிய தண்டுகளுக்கு முதலில் கம்பியால் துளை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மடங்கிவிடும். கறை துணியில் பட்டால் போகாது, ஆகவே மேசைவிரிப்பைக் கடைசியில் விரியுங்கள். மறுநாள் வாழைத்தண்டு பழுப்பேறி வாடை வரத் தொடங்கும், ஆகையால் ஒரு வாரத்துக்கு என்று நினைத்து இதில் வைக்க வேண்டாம்.

பூ வாங்கும் இடத்திலும் ஒரு தெளிவு வேண்டும். நாகர்கோவிலுக்கு அருகே தோவாளைப் பூச்சந்தையில் பிச்சி, மல்லி, அரளி, கேந்தி (செண்டுமல்லி), வாடாமல்லி எல்லாம் தண்டில்லாமல் கிலோ கணக்கில் வருபவை. அது மாலைக்கான சந்தை. அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மணிமணியாகக் கோக்கும் தோவாளை மாணிக்க மாலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது நமக்கெல்லாம் பெருமை. சாடிக்கென்றால் ‘ஸ்டெம்பு ரோஸ் ஒரு கட்டு’ என்று தண்டோடு கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது பூவின் அடிப்பகுதியை, பச்சைப் புல்லிவட்டத்துக்குச் சற்று மேலே, இரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு, பஞ்சுபோல் அமுங்கினால் பழசு. வெளிச்சுற்றில் பச்சை படிந்த முரட்டு இதழ்கள் இரண்டு மூன்று இருந்தால் அது கேடல்ல, பூவைக் காக்கும் இதழ்கள்தாம். வீட்டுக்கு வந்தபின் கிள்ளிவிடலாம்.

தண்டில்லாத பூவைச் சாடியில் வைக்க முயல்வதைவிட உருளியில் மிதக்கவிடுவதே அழகு. 5 செ.மீ. தண்ணீர் போதும். கேந்தியின் காம்பை அடியோடு ஒட்ட நறுக்குங்கள், மிச்சம் நின்றால் பூ ஒருபக்கம் கவிழும். பலரும் நடுவிலிருந்து தொடங்குவார்கள், பூக்கள் நகர்ந்து கோலம் கலைந்துபோகும். விளிம்பை ஒட்டி ஒரு வளையத்தை நெருக்கமாக முடித்துவிட்டு உள்நோக்கி வாருங்கள், ஒன்றையொன்று தாங்கி நிற்கும். அரளி சேர்த்தால் கவனம் தேவை. செடி முழுக்க நஞ்சு, அது கிடந்த தண்ணீரும் நஞ்சு. பிள்ளைகளும் நாய் பூனைகளும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

தாமரை மொட்டு வெட்டியபின் தானாக விரிவது அரிது. கையால்தான் விரிக்க வேண்டும். மொட்டை உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டித் தளர்த்துங்கள். வெளி இதழ் ஒன்றைப் பிடித்து அதன் நுனியை உட்புறமாக அடிவரை மடக்கி, மடிப்பை விரலால் நீவிவிடுங்கள். அடுத்ததையும் அப்படியே, ஒவ்வொரு சுற்றாக. மூன்று சுற்று போதும், உள்ளே மிச்சத்தைக் கூம்பாகவே விட்டால் தோற்றம் நிற்கும். நகம் பட்ட இடம் சற்று நேரத்தில் பழுப்பேறும், ஆகவே விரல்நுனியின் சதையால் மட்டும் வேலை செய்யுங்கள். மடித்த தாமரை இரண்டு நாளுக்கு மேல் அழகு காட்டாது.

சாப்பாட்டு மேசைக்கு ஒரு கணக்கு: 20 செ.மீ. அகலக் கிண்ணம், கம்பிவலைப் பந்து, ஓரமெங்கும் சாயும்படி பெரணியோ மணிபிளான்ட் கொடியோ 9 துண்டு, நடுவில் ஆந்தூரியம் 3, இடையில் ரோஜா 5, வாசனைக்குச் சம்பங்கி 3 தண்டு. இலையை முதலில் வைத்து வலையை மறைத்துவிட்டால் பூ குறைவாகவே போதும். மொத்த உயரம் 30 செ.மீ. தாண்டினால் எதிரே இருப்பவர் முகம் மறையும். வரவேற்பறைச் சாடியென்றால் சாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. சம்பங்கி கீழிருந்து மேலாக விரியும், வாடிய கீழ்ப்பூக்களை அன்றாடம் கிள்ளிவர வேண்டும். ஜெர்பெராவின் ரோமத் தண்டு ஆழத் தண்ணீரில் அழுகும், 5 முதல் 8 செ.மீ. தண்ணீர் போதும். நம் பக்கத்துத் தோட்டங்களில் வளரும் ஆந்தூரியம் குளிர் தாங்காத பூ. ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும். துவண்டிருந்தால் பூவையும் தண்டையும் அரைமணி நேரம் தண்ணீரில் முக்கிவைத்தால் பெரும்பாலும் நிமிரும்.

கழுத்து சாய்ந்த ரோஜாவையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். தண்ணீருக்குள் வைத்து 3 செ.மீ. மறுவெட்டு வெட்டி, பூவையும் கழுத்தையும் நிமிர்த்திச் செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஆழமாக 2 மணி நேரம் நிறுத்துங்கள். இதழ் இன்னும் கெட்டியாக இருந்தால் தேறிவரும்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மட்டியோ நேந்திரனோ, பழுத்துவரும் வாழைக்குலை தொங்கும் அறையில் பூச்சாடியை வைக்காதீர்கள். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைக் கிழடாக்கும். கார்னேஷன் விரிந்த இதழைத் திரும்ப மூடிக்கொள்ளும், ஆர்க்கிட் பூ உதிரும். பழம் வைத்த ஃபிரிட்ஜில் பூ வைப்பதும் இதே தவறுதான். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

தண்ணீரை 2 நாளுக்கு ஒருமுறை முழுதாக மாற்றி, சாடியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், தண்டையும் ஒவ்வொரு முறையும் 1 செ.மீ. வெட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாடிச் சுவரில், தண்ணீர்மட்டத்தை ஒட்டித்தான் முட்டையிடும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை அங்கேயே ஒட்டியிருந்து அடுத்த தண்ணீரில் பொரியும். உருளிக்கும் இது பொருந்தும்.

பூக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்டோடு விற்கும் கட்டுகளைச் சாக்கில் கிடத்திவைக்காமல், ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்து விற்கலாம். விடியற்காலையில் இறங்கிய பூவை மதியம் வாங்குபவருக்கும் நல்ல பூவாகக் கிடைக்கும். தாங்களும் அடுத்த முறை வீட்டுக் குறிப்பு வெளியிடும்போது தண்டு வெட்டும் முறையை ஒரு படத்தோடு போட்டால் நன்றாயிருக்கும்.

இங்ஙனம்,
மலர் அலங்காரம் கற்றுத்தரும் ஆசிரியைகள்,
நாகர்கோவில்.