டிராக்டரை விற்றீர்கள், அதன் ரிப்பேர் புத்தகத்தையும் கொடுங்கள்

டிராக்டர் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவை நடத்துகிறவர்களுக்கு, காவிரி டெல்டாவின் கடைமடையிலிருந்து ஒரு விவசாயி எழுதுவது. வணக்கம்.

வண்டி டெலிவரி எடுக்கும்போது சாவியோடு ஒரு புத்தகம் கொடுக்கிறீர்கள். எத்தனை மணி நேரம் ஓடினால் ஆயில் மாற்றணும், எங்கே கிரீஸ் அடிக்கணும், என்ன செய்தால் வாரண்டி போகும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதைத் தாண்டி எது கெட்டாலும் டீலரை அணுகவும் என்ற ஒரே வரிதான். நான் கேட்பது அதை இல்லை. உங்கள் மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கிறீர்களே ஒர்க்‌ஷாப் மேனுவல், அதைக் கேட்கிறேன். அதோடு, ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் படம் போட்டு நம்பர் கொடுத்திருக்கும் பார்ட்ஸ் கேட்லாக்கும் வேண்டும். பணம் போட்டு வண்டி வாங்கியவன் கையில் இரண்டும் இருக்கணும், தமிழில் இருக்கணும்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன தாளடிக்கு, அதாவது குறுவைக்கு அடுத்த நெல் போகத்துக்கு, சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக் லிஃப்ட் வேலை செய்யவில்லை. சேற்றைக் கலக்குகிற ரோட்டவேட்டர் மேலே தூக்கவே இல்லை. சேற்றில் ஓட இரும்புக் கேஜ் வீல் மாட்டிய வண்டி வயல் நடுவே நிற்கிறது, ரோட்டவேட்டர் சேற்றுக்குள் கிடக்கிறது, வானம் கருத்துக்கொண்டு வருகிறது. நாற்றங்காலில் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. குறுகிய கால ரகத்து நாற்றை உரிய வயதில் பிடுங்கி நடாவிட்டால் தூர் வெடிக்காது, மகசூல் போய்விடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டால் திரும்ப எப்போது கிடைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் மெக்கானிக் கை தேர்ந்தவர். ஆயில் அளவு பார்த்தார், ஆயில் வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவினார், லிஃப்ட் கவரைத் திறந்து சிலிண்டர் சீலைப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. ஆயில் மட்டும் மோர் கடைந்தது போல நுரைத்துக் கிடந்தது. பம்ப் எவ்வளவு பிரஷர் கொடுக்கணும், பிரஷர் மிஞ்சினால் விடுகிற ரிலீஃப் வால்வு எந்த அளவில் திறக்கணும் என்ற கணக்குத் தெரிந்தால் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்துவிடலாம் என்றார். அந்த எண் எங்கே கிடைக்கும்? டீலரிடம் போன் போட்டோம். கம்பெனி ஆள் வர நாளாகும், எப்படியும் பம்ப்தான் போயிருக்கும், வாங்கி மாற்றிவிடுங்கள் என்று கவுன்டரில் இருந்தவர் சொன்னார். வாங்கினோம், மாட்டினோம். ரோட்டவேட்டர் அசையவில்லை.

கடைசியில் கம்பெனி சர்வீஸ் தம்பி வந்தார். நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. போனை எடுத்தார், ஒரு பிடிஎஃப்பைத் திறந்தார். அதில் ஒரு அட்டவணை. ஒரு பக்கம் வண்டியில் தெரிகிற குறை, அதற்கு எதிரே என்ன காரணமாக இருக்கலாம், எதை முதலில் பார்க்கணும், எதை அடுத்துப் பார்க்கணும். ஆயில் நுரைத்தால் பம்ப் இழுக்கிற பக்கம் காற்று புகுகிறது, அந்தப் பைப்பின் ஓ ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, பார் என்று இருந்தது. பார்த்தார், ரிங் வெடித்திருந்தது. அதன் விலை ஐம்பது ரூபாய்கூட இல்லை. புது ரிங் போட்டதும் ரோட்டவேட்டர் தூக்கிக்கொண்டது. அந்தப் பக்கத்தை மட்டுமாவது எனக்கு அனுப்பு தம்பி என்று கேட்டேன். "அனுப்பினது தெரிஞ்சா என் வேலை போயிடும்ணே" என்றார்.

ஒரே ஒரு பக்கம், ஐயா. அதை அனுப்பினால் ஒரு பையனுக்கு வேலை போகும் என்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் எங்கள் மெக்கானிக்கிடம் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே உழவு தொடர்ந்திருக்கும். பழைய பம்ப் இன்னும் கொட்டகையில் கிடக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை.

ரகசியம் என்று சொல்லாதீர்கள். கியரை எந்த எஃகில் செய்கிறீர்கள், எப்படிப் பதப்படுத்துகிறீர்கள் என்பது உங்கள் ரகசியம், அதை நான் கேட்கவில்லை. ஹெட் போல்ட்டை எந்த வரிசையில், எவ்வளவு முறுக்கு விசையில் (டார்க்) முடுக்கணும், டேப்பெட் இடைவெளி எவ்வளவு, ஒயரிங்கில் எந்த நிற ஒயர் எங்கே போகிறது, இவை என் வண்டியின் விவரங்கள். ஆபத்து என்றும் சொல்லாதீர்கள். கருவியைத் தரையில் இறக்கி பிரஷரை விட்ட பிறகுதான் லிஃப்டைத் திறக்கணும் என்று எச்சரிப்பதே அந்த மேனுவல்தானே? அதை மறைத்து வைத்தால்தான் ஆபத்து. டூப்ளிகேட் உதிரிபாகம் வந்துவிடும் என்கிறீர்கள். சரியான பார்ட் நம்பர் கையில் இருந்தால் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வரமாட்டோம், கேட்டு வாங்குவோம்.

விவசாயி என்றாலே எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை. கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்திவிடுகிறார்கள், மழையில் மூட்டை முளைக்கிறது, அளந்த மீட்டர் சரியா என்று கேட்கக்கூட வழியில்லை. அறுவடை மிஷின் வாடகையை மிஷின்காரர் சொல்வதுதான் கணக்கு. சரி, அதெல்லாம் உங்கள் பொறுப்பு இல்லை, மன்னிக்கணும். ஆனால் இது உங்கள் பொறுப்பு.

சட்டப் பக்கமும் உங்களுக்குத் தெரியாததில்லை. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது, உதிரிபாகத்தையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென்று தனி இணையதளமும் வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல், விவசாய இயந்திரங்களுக்கான மேனுவலையும் கருவிகளையும் உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தே ஆகணும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கணும் என்று எதுவும் இல்லை, நீங்களாகவே கொடுக்கலாம்.

இன்னொன்று. 2023 முதல் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புகை விதிகள் இறுகிவிட்டன, அந்த இன்ஜின்களில் பலவற்றில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது. அவற்றுக்கு ஸ்பேனர் போதாது, கம்ப்யூட்டர் சொல்கிற குறையைப் படிக்க ஸ்கேனரும் வேண்டும். நாளைக்குச் சின்ன வண்டிகளுக்கும் அது வரும். இன்றைக்கு வெறும் இரும்பாக இருக்கிற வண்டிக்கே விவரம் தராதவர்கள் அன்றைக்குத் தருவார்களா என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது.

இலவசமாகக் கேட்கவில்லை. அச்சடிக்கிற செலவை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது சேஸிஸ் நம்பர் போட்டால் இறங்குகிற மாதிரி இணையத்தில் வையுங்கள். எங்கள் மெக்கானிக் எழுத்துக் கூட்டிப் படிப்பவர், அதனால் படமும் அட்டவணையும் பெரிதாக இருக்கட்டும், எண்கள் தெளிவாக இருக்கட்டும். ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை உழவு தொடங்கிவிடும். அதற்கு முன்னால் ஒர்க்‌ஷாப் மேனுவலும் பார்ட்ஸ் கேட்லாக்கும் தமிழில் எங்கள் கைக்கு வர ஏற்பாடு செய்யும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். முழுவதையும் மொழிபெயர்க்க நாளாகும் என்றால் ஹைட்ராலிக் பகுதியை முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டி ஒன்றின் சொந்தக்காரன்