பாத்திரத்தின் மனம் ஆடுபவருக்கே உரியது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். மட்டக்களப்பில் இவற்றை ஆடுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகையால் தமிழில் ஒரு பக்கம் அச்சேறியதே எங்களுக்குப் பெரிய விடயம். ஆயினும், கதை நகராமல் தடைப்படும்போது நடத்துநர் மற்றவர்களின் பாத்திரங்களையும் தம் கையில் எடுத்து, தாம் எண்ணிய திசையில் செலுத்தலாம் என்று கட்டுரையாளர் கூறியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிழையைச் செய்து, அதன் பலனைக் கல்லடியில் என் வீட்டு விறாந்தையிலேயே கண்டவன் நான்.

1974இல் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய அமெரிக்கர் இருவர் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ தொடக்கம், இவ்விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றின் ஏற்பாடு ஒன்றுதான். நடத்துநர் ஒருவர் கதையுலகம் முழுவதையும், அதிலுள்ள அரசன் முதல் தோணிக்காரன் வரை எல்லோரையும் பேசுவார். மற்ற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். கைகூடுமா என்பது உறுதியில்லாத செயலுக்குப் பகடை உருட்டப்படும். உலகம் முழுவதும் நடத்துநரிடம் இருக்க, ஆடுபவரிடம் எஞ்சியிருப்பது தன் பாத்திரம் என்ன நினைக்கிறது, என்ன செய்யத் துணிகிறது என்ற அந்த ஒரு சிறு நிலம் மட்டுமே.

சென்ற மாரியில் ஒருநாள், உயர்தரம் படிக்கும் என் மருமகள் ஒரு வைத்தியப் பெண்ணாக ஆடிக்கொண்டிருந்தாள். நான் பேசிய தோணிக்காரன் அவளை அக்கரைக்கு அழைத்தான்; அவள் தயங்கினாள். அக்கரையில் நடக்கவேண்டிய கதையை இரண்டு இரவு விழித்திருந்து எழுதி வைத்திருந்த நான், தோணிக்காரனின் பேச்சுத்திறனுக்கு இருபது முகப் பகடையை உருட்டினேன். பதினெட்டு விழுந்தது. “அவன் சொன்னதை நம்பிவிட்டாய், தோணியில் ஏறுகிறாய்” என்றேன். அவள் பென்சிலைத் தாளின் மேல் வைத்துவிட்டு, “மாமா, நான் நம்பல்ல. நான் நம்பிட்டன் எண்டு நீங்க எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டாள். பகடை சொல்கிறது என்றேன். “பகடை அவன் நல்லாப் பேசினான் எண்டுதான் சொல்லுது” என்றாள். அதன்பின் அன்று முழுவதும் நான் எதைக் கேட்டாலும் அவளுடைய மறுமொழி “நீங்களே சொல்லுங்க” என்பதாகவே இருந்தது.

அவள் சொன்னதுதான் சரி என்பதை அன்றிரவு விதிநூலைப் புரட்டியபோது கண்டேன். ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் மூன்றாம் பதிப்பு, பேச்சால் பிறர் மனப்போக்கை மாற்றும் திறனை நடத்துநர் பேசும் பாத்திரங்கள் மீது மட்டுமே செல்லும்படி வரையறுத்திருக்கிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒருவரை மயக்கும் மந்திரத்துக்குக்கூட எல்லை உண்டு: இலக்கானவர் தப்பிக்கப் பகடை உருட்டலாம், தப்பாவிட்டால் மந்திரவாதியை நட்பான அறிமுகக்காரராகக் கருதுவார், அவரைத் தாக்கமாட்டார், அவ்வளவே. மந்திரமே இவ்வளவோடு நிற்கும்போது என் தோணிக்காரனின் வாய்ப்பேச்சுக்கு அதைவிடக் கூடிய அதிகாரத்தை நான் கொடுத்திருந்தேன்.

நம் பகுதியில் இந்தச் சறுக்கல் எளிதில் நேர்வதற்குக் கூத்துப் பழக்கமும் ஒரு காரணமோ என்று எனக்கு ஐயமுண்டு. வடமோடிக் கூத்தாயினும் தென்மோடிக் கூத்தாயினும், அதைப் பழக்கும் அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் உரிய பாட்டு ஏடாகிய ‘சட்டம்’ கொடுத்த பின் கூத்தர் அதில் உள்ளதைத்தான் பாடவேண்டும். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் சடங்கிலும் பாண்டவர்கள் ஆண்டுதோறும் வனவாசம் போகத்தான் வேண்டும். இந்த முறை போகமாட்டேன் என்று தருமர் மறுக்க இடமில்லை. கூத்தின் சுவை பாடும் குரலிலும் ஆடும் காலிலும் இருக்கிறது. மேசை விளையாட்டிலோ போவதா இல்லையா என்று தீர்மானிப்பதுதான் ஆட்டமே. அதைப் பறித்தால், ஆடுபவர் சட்டமும் கொடுக்கப்படாமல் களரியில் நிறுத்தப்பட்ட கூத்தரைப்போல ஆகிவிடுகிறார்.

பாத்திரம் கைநழுவிப் போகும் விளையாட்டுகளும் உண்டு என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். 1981இல் வந்த ‘கோல் ஒஃப் கதுல்ஹு’வில் பாத்திரத்தின் சித்தத்தெளிவு எண் பூச்சியமானால் அது நடத்துநரின் வசமாகிவிடும். 1985இல் வந்த ‘பென்ட்ராகன்’ விளையாட்டில், மன்னித்தல்–பழிவாங்கல் போன்ற எதிர்க்குணங்களின் எண்கள் கூட்டினால் இருபது வரும்படி இணை இணையாக எழுதப்பட்டிருக்கும்; நெருக்கடியில் வீரன் எப்படி நடப்பான் என்பதைச் சிலவேளை அந்தக் குணத்தின் மீது உருட்டும் பகடை முடிவு செய்யும். இவற்றை நான் குறைகூறவில்லை. அந்த எண்கள் ஆடுபவரின் தாளிலேயே இருக்கின்றன. இப்படியும் நடக்கும் என்று தெரிந்தே அவர் அமர்கிறார். காப்புக் கட்டி நோன்பிருந்து சடங்கில் உருவேறி ஆடுபவரைத் தன்வசமிழந்ததற்காக யாரும் நோவதில்லை. வேடிக்கை பார்க்க வந்தவரைப் பிடித்து ஆடச் சொன்னால்தான் சண்டை வரும்.

கதை நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு 2010இல் வெளிவந்த ‘அபொகலிப்ஸ் வேர்ல்ட்’ காட்டும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே ஒருவரின் பாத்திரத்தை இன்னொருவர் இணங்க வைக்க முயன்று பகடை நன்றாக விழுந்தால், இணங்குபவருக்கு, பாத்திரம் வளர உதவும் ஓர் அனுபவப் புள்ளி கிடைக்கும். மறுத்தால் ஆபத்தோடு மறுக்கவேண்டிவரும். எது வேண்டுமென்று சொல்லும் வாய் அவருடையதே.

அடுத்த வாரம் நான் முன்பு சொன்னதை வாபஸ் வாங்கி, அவள் தோணியில் ஏறினால் ஒரு புள்ளி தருவதாக என் மருமகளிடம் சொன்னேன். சற்றுநேரம் யோசித்தாள். மருந்துப் பெட்டியின் அடியில் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு ஏறுவதாகச் சொன்னாள். அந்தக் கத்தி நான் எழுதி வைத்திருந்த கதையில் எங்கும் இல்லாதது. அக்கரைக்குப் போய்ச் சேருமுன்பே அந்தக் கதை முழுவதையும் நான் திருத்தி எழுதவேண்டியதாயிற்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.