ஒலாஜுவானின் கால்களையும் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவரைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால், ஏழடி உயரம் இருந்ததால்தான் கூடைக்குக் கீழே அவரை யாராலும் அசைக்க முடியவில்லை என்று எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 31 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உயரம்தான் காரணமென்றால், அவர் ஆடிய அதே என்.பி.ஏ.வில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில், 7 அடி 7 அங்குல மனூட் போல் ஆடினார். 7 அடி 6 அங்குல ஷான் பிராட்லி ஆடினார். பந்தைத் தடுப்பதில் இருவருமே கெட்டிக்காரர்கள். ஆனால் 1988-89 பருவத்தில் ஒலாஜுவான் செய்ததைப் பாருங்கள்: 282 பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது), 213 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது). ஒரே பருவத்தில் இரண்டிலும் 200ஐத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். பிளாக் செய்யக் கை நீளம் உதவும். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கக் கால் முந்த வேண்டும்.

அந்தக் கால்கள் நைஜீரியாவின் லாகோஸில் பழகியவை. அங்கே அவர் கால்பந்தில் கோல்கீப்பர், ஹேண்ட்பாலும் ஆடினார். கூடைப்பந்துக்கு வந்ததே 15 வயதில்தான். பந்து எந்தப் பக்கம் வருமென்று கோல்கீப்பருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பாயத் தோதாக, குதிகால் தரையில் அழுந்தாமல் நிற்பார். ஒலாஜுவான் கடைசிவரை அப்படித்தான் நின்றார். அமெரிக்காவின் ஹூஸ்டனுக்குப் போன பிறகு, கோடைக்காலங்களில் என்.பி.ஏ. வீரர் மோசஸ் மலோனோடு மோதி மோதி ஆடி உடல் வலுவையும் சேர்த்துக்கொண்டார்.

1995இல் சான் அன்டோனியோ அணிக்கு எதிரான அரையிறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம். அந்தப் பருவத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை டேவிட் ராபின்சன் அன்றுதான் எல்லோர் முன்னிலையிலும் வாங்கினார். 7 அடி 1 அங்குலம், நல்ல வேகம். ஒலாஜுவான் அவருக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்குவார். தோளை ஒரு பக்கம் அசைப்பார். கால் மறுபக்கம் திரும்பும். எறிவதுபோல் பந்தை உயர்த்துவார், ராபின்சன் எம்புவார். அவர் தரைக்கு வருவதற்குள், ஊன்றிய காலை நகர்த்தாமல் மற்றக் காலை உள்ளே வைத்து, பந்தை அமைதியாக வளையத்தில் இடுவார். 'ட்ரீம் ஷேக்' என்பது இதுதான். அன்று 41 புள்ளிகள்.

அதற்கு முந்தைய ஆண்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டமும் நினைவுக்கு வருகிறது. ஒலாஜுவானின் ஹூஸ்டன் அணி 86-84 என முன்னிலை. நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து விழுந்திருந்தால் கோப்பை நியூயார்க்குக்கு. கோட்டுக்கு வெளியே நின்ற அந்தச் சிறிய ஆட்டக்காரரை ஓடிப்போய் எட்டி, விரல் நுனியால் பந்தைத் தொட்டவர், வழக்கமாகக் கூடைக்கு அருகே ஆடும் ஒரு சென்டர், நம் ஒலாஜுவான்! கூடைக்குக் கீழேயே நின்றிருந்தால் அந்தப் பந்து எட்டியிருக்குமா? அவருடைய மொத்த 3,830 பிளாக்குகள் இன்றும் என்.பி.ஏ. சாதனை. 1973-74க்கு முன் பிளாக்குகளை எண்ணவில்லை என்பதால் அதற்கு முந்தைய காலத்துச் சென்டர் பில் ரஸ்ஸலோடு ஒப்பிட வழியில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கொரு காரணம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில் 6 அடி 3 அங்குலத்தில் ஒரு மாணவன் கிடைத்தான். "நீ கையைத் தூக்கிக் கூடைக்குக் கீழே நில், போதும்" என்றேன். நின்றான். இரண்டே ஆண்டில், அவன் தோள் உயரம்கூட இல்லாத பையன்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவனுக்குத் திரும்பத் தெரியவில்லை. பள்ளி முடிந்ததும் பந்தை விட்டுவிட்டான். தவறு அவனுடையதல்ல. ஒலாஜுவானின் ஆட்டங்களைப் பார்த்த பிறகு, உயரமான பிள்ளைகளை முதல் ஆறு மாதம் பந்தே கொடுக்காமல் கயிறு தாண்டவும், சாக்பீஸில் போட்ட கட்டங்களில் கால் மாற்றவும் வைத்தேன்.

உங்கள் கட்டுரையோடு வந்த படம் இடுப்புக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது. அடுத்த முறை ஒலாஜுவானைப் பற்றி எழுதும்போது, அவர் கால்களும் தெரியும்படியான படமாகப் பார்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பள்ளித் தகவல் பலகையில் அதை ஒட்டிவைக்க இப்போதைய உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தேனி மாவட்டம்.