அந்தக் கழித்தல் குறிக்கு ஒரு கெடு வையுங்கள்

இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான சீரி ஆவின் 2022-23 பருவம் ஜூன் 4-ஆம் தேதி முடிந்தது. 33 ஆண்டுகளுக்குப் பிறகு நாப்போலி பட்டம் வென்றதில் யாருக்கும் ஐயமில்லை. 90 புள்ளி, அந்த உயரத்துக்கு எந்த மன்றத்தின் கையும் எட்டாது. எங்கள் வருத்தமெல்லாம் அதற்குக் கீழே உள்ள ஆறு இடங்களைப் பற்றியது.

ஆட்டக்காரர் விலையை ஊதிக் கணக்கில் லாபம் காட்டியதாக யுவென்டஸ் கிளப்பின் மேல் நடந்த வழக்கின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தேதிகளை மட்டும் சொல்கிறோம். ஜனவரி 20: யுவென்டஸுக்கு 15 புள்ளி வெட்டு. 37 புள்ளியோடு மூன்றாவதாக இருந்த அணி 22 புள்ளியோடு பத்தாவதாயிற்று. ஏப்ரல் 20: இத்தாலிய ஒலிம்பிக் குழுவின் விளையாட்டு மன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது, 15-உம் திரும்பி வந்தன, 44 என்பது 59 ஆயிற்று. மே 22: மறுபடி 10 புள்ளி வெட்டு. 69 என்பது 59, இரண்டாம் இடம் ஏழாம் இடம்.

அந்த மே 22 திங்கட்கிழமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அன்றிரவு யுவென்டஸுக்கு எம்போலியில் ஆட்டம். அணி மைதானத்துக்கு வந்துவிட்டது, பந்து உருளச் சிறிது நேரமே இருக்கிறது, அப்போது தீர்ப்பு வருகிறது. 1-4 தோல்வி. தவறு செய்த நிர்வாகிகள் எப்போதோ பதவி விலகிப் போய்விட்டார்கள். அன்று களத்தில் நின்றவர்கள் வேறு ஆட்கள். செவ்வாய்க்கிழமை தீர்ப்புச் சொன்னால் சட்டம் குறைந்தா போயிருக்கும்?

யுவென்டஸுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு ஆட்டக்காரரை 2 கோடி யூரோவுக்கு விற்று, அதே விலைக்கு இன்னொருவரை வாங்கினால் கையில் காசு மாறுவதில்லை. ஆனால் கணக்கேட்டில் விற்கப்பட்டவரின் மீதி மதிப்பு (வாங்கிய விலையில் இன்னும் கழிக்காத பங்கு) 20 லட்சம் என்றால், 1.8 கோடி லாபம் அந்த ஆண்டே ஏறிவிடும்; வாங்கப்பட்டவரின் செலவோ ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 40 லட்சமாகப் பிரிந்து போகும். விலையை எவ்வளவு ஊதினாலும் லாபம்தான். இதைத் தண்டிக்க வேண்டியதுதான். எப்போது என்பதே கேள்வி.

ஏனென்றால் வெட்டு விழுவது ஒரு கிளப்புக்கு, கணக்குத் தப்புவது மற்றவர்களுக்கு. பட்டியலில் முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் ஆடும் ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் கால் வைத்தாலே அப்போது 1.5 கோடி யூரோவுக்கு மேல் வரவு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நான்காம் இடத்துக்கான போட்டியில் யுவென்டஸ் இல்லை என்றே பட்டியல் சொன்னது. பிறகு இருக்கிறது என்றது. பிறகு இல்லை என்றது. இன்னொரு ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக்கின் அரையிறுதி ஆடிக்கொண்டிருந்த ரோமா, வாரக் கடைசியில் யாரை இறக்குவது, யாருக்கு ஓய்வு கொடுப்பது என்பதை எந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது? 70 புள்ளியோடு நான்காவதாக முடித்த மிலான், வெட்டே இல்லாமல் யுவென்டஸ் 72-இல் நின்றிருந்தால் ஐந்தாவது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: இறுதி முறையீடு முடியாத எந்தப் புள்ளி வெட்டும் பட்டியலில் ஏறக் கூடாது, மார்ச் 31-க்குள் முடியாவிட்டால் அது அடுத்த பருவத்தின் முதல் நாளில் ஏறட்டும்.

இதற்குப் புதுச் சட்டம் தேட வேண்டாம். நடப்புப் பருவத்தில் உறைக்காத வெட்டை அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம் என்று உங்கள் விதியே சொல்கிறது. 2006-இல் ஃபியோரென்டினா, மிலான், லாட்சியோ, ரெஜ்ஜினா நான்கும் கழித்தல் குறியோடுதான் பருவத்தைத் தொடங்கின. தகராறு தீர்க்கும் நடுவர் மன்றம் சில வெட்டுகளைப் பிறகு குறைத்தது என்றாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாம் தீர்ந்தது. 11 புள்ளி வெட்டோடு ரெஜ்ஜினா போராடிப் பிழைக்கவும் செய்தது, எத்தனை படி ஏற வேண்டும் என்று தெரிந்திருந்ததால்.

இன்னொரு வேடிக்கை. 15-ஐ 10 ஆக்க நான்கு மாதம் ஆயிற்று. 72-இல் 10 போனால் 62, ஏழாம் இடம். 15 போயிருந்தால் 57. அடுத்திருந்த ஃபியோரென்டினா 56, அப்போதும் ஏழாம் இடம்தான். இத்தனை விசாரணையும் எதற்கு? அடுத்த வாரமே, மே 30 அன்று, யுவென்டஸின் இன்னொரு வழக்கான ஆட்டக்காரர் சம்பள ஒத்திவைப்பு வழக்கு சுமார் 7,18,000 யூரோ அபராதத்தோடு சமரசமாக முடிந்தது. விரைவாக முடிக்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பருவ முடிவில் ஸ்பெட்சியாவும் வெரோனாவும் கீழ்நிலை லீக்குக்கு இறங்கும் விளிம்பில் 31 புள்ளியில் சமமாக நின்றன. கோல் வித்தியாசம் பார்க்க மாட்டோம், ஜூன் 11 அன்று களத்தில் ஆடியே தீர்த்துக்கொள்ளட்டும் என்பது அந்தப் பருவத்தில் நீங்கள் கொண்டுவந்த விதி. கீழே இறங்குபவருக்குக் களம், மேலே ஏறுபவருக்கு மன்றமா? மன்னிக்கவும், குரல் சற்று உயர்ந்துவிட்டது.

முறையீடு முடியாத வெட்டு பட்டியலில் ஏறாது, மார்ச் 31 தாண்டினால் அடுத்த பருவத்துக்கே என்ற வரியை அடுத்த பருவம் தொடங்கும் முன் விதியில் சேர்த்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சீரி ஆவைத் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ் ரசிகர்கள் சிலர்