'செட்'டுக்கு 'தொகுப்பு'ன்னு மட்டும் சொல்லிக் குடுத்தா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ல நம்ம பிள்ளைங்க எதுக்கெடுத்தாலும் 'செட் ஆகல', 'செட் ஆயிருச்சு'ன்னு பேசித் தமிழைக் கெடுக்குறாங்கன்னு ஒரு வாசகர் இந்தப் பகுதியில வருத்தப்பட்டு எழுதியிருந்தாரு. வருத்தம் நியாயம்தான், ஆனா பிள்ளைங்கள மட்டும் சொல்லி என்ன செய்ய, பெரியவங்க நாம என்ன யோக்கியமா? பல்செட்டு, பம்புசெட்டு, டிவி செட்டு, நகை செட்டு, கூடப் படிச்சவங்கள 'அவன் எங்க செட்டுப்பா'ங்கிறது, தேசிய சேவைன்னு கட்டாய ராணுவப் பயிற்சி செஞ்சவங்களக் கேட்டா முதுகுல சுமந்துக்கிட்டு காட்டுல அலைஞ்ச சிக்னல் செட்டு, அதாவது வயர்லெஸ் பெட்டி. காப்பிக்கடையில 'செட் ஏ'ன்னு சொன்னா கயாங்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவின ரொட்டி, ரெண்டு அரைவேக்காட்டு முட்டை, ஒரு கோப்பின்னு மேசைக்கு வந்துருது. அது பாட்டுக்கு ஊறிப்போச்சு, இனிமே வெரட்டினாலும் போகாது, வெரட்டணும்னும் எனக்குத் தோணல. என் குறை வேற எடத்துல இருக்கு.

இந்த 'செட்' சாதாரண ஆள் கிடையாது. 1989ல 20 தொகுதியா வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ரெண்டாம் பதிப்புல இருக்கிறதுலேயே நீளமான பதிவு இதோடதுதான், வினைச்சொல்லா வர்றதுக்கு மட்டும் 430க்கு மேல பொருள், விளக்கம் ஏறக்குறைய 60,000 சொல்லு. அப்புறம் அகராதியத் திருத்தத் திருத்த 2000ல 'மேக்' முந்திச்சு, 2007ல 'புட்' முந்திச்சு, 2011ல 'ரன்' 645 பொருளோட எல்லாத்தையும் தாண்டிப் போயிருச்சு, அந்த 'ரன்' ஒண்ணை முடிக்க அகராதிக்காரர் பீட்டர் கில்லிவருக்கு 9 மாசம் ஆச்சாம். ஒரே சொல்லுக்கு 9 மாசம்!

இன்னொண்ணு கவனிங்க. கூட்டம், தொகுதிங்கிற அர்த்தத்துல வர்ற 'செட்'டுக்கும் அலாரம் செட் பண்றோமே அந்த 'செட்'டுக்கும் பூர்வீகமே வேற. முதலாவது லத்தீன் 'செக்டா'விலேருந்து பழைய பிரெஞ்சு வழியா வந்தது, மதத்துல உட்பிரிவச் சொல்ற 'செக்ட்' இருக்கே அதோட ஒறவு. ரெண்டாவது பழைய ஆங்கிலம், 'சிட்'டோட பிறவினை, அதாவது உக்கார வைக்கிறதுன்னுதான் மூல அர்த்தம். ஒலி ஒண்ணா இருக்கவும் நாளடைவுல ரெண்டும் கலந்துருச்சு.

இப்ப என் குறைக்கு வர்றேன். என் மக தொடக்கப்பள்ளி அஞ்சு படிக்கிறா. அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளியில குடுத்த சொற்பட்டியல்ல இடது பக்கம் ஆங்கிலம் வலது பக்கம் தமிழ், 'செட் - தொகுப்பு', அவ்ளோதான், முடிஞ்சுது. அதை மனப்பாடம் பண்ணிட்டு, "அப்பா, சன் செட் ஆவுதுன்னா சூரியன் தொகுப்பாவுதா?"ன்னு கேக்குறா. சிரிக்கிறதா அழுவுறதா? சூரியன் சாயுது, மறையுது, அடையுது. தயிரு உறையுது. சிமெண்ட் இறுகுது. முறிஞ்ச எலும்பு கூடுது. தோட்டுல கல்லு பதிக்கிறாங்க, கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறாங்க, வெலை நிர்ணயிக்கிறாங்க, பாட்டுக்கு மெட்டுப் போடுறாங்க, ஓட்டப் பந்தயத்துல புதுச் சாதனை படைக்கிறாங்க. உயர்நிலைக்குப் போனா கணக்குல ஒரு 'செட்' வரும், அதுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்ல கணம்னு பேரு. இத்தனை இருக்கிற வீட்டுல பிள்ளைக்கு 'தொகுப்பு'ன்னு ஒரே ஒரு சாவியக் குடுத்து எல்லாக் கதவையும் தொறன்னா அது எங்க தொறக்கும், பிள்ளை 'செட்'டுன்னே சொல்லிட்டுப் போயிரும், பெறகு நாம பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோம்.

'செட்'டுக்கு ரொம்பக் கிட்ட வர்ற சொல்லு நம்ம 'வை'தான்னு எனக்குப் படுது. அலாரம் வைக்கிறோம், தீ வைக்கிறான், பொறி வைக்கிறோம், பரீட்சை வைக்கிறாங்க, கெடு வைக்கிறாங்க. ஆங்கிலத்துல ஒருத்தர சிரிக்க வைக்கிறதுக்கு 'செட் ஹிம் லாஃபிங்'ன்னு சொல்வாங்க, அதே வேலைய அதே எடத்துல 'வை' பாக்குது. குழம்பு வைக்கிறது, பேரு வைக்கிறது, மொய் வைக்கிறது, அன்பு வைக்கிறது, இங்கெல்லாம் 'செட்' எட்டிக்கூடப் பாக்காது. ஒரு சொல்லுக்குப் பல பொருள்ங்கிறது நமக்குப் புதுசும் இல்ல, தொல்காப்பியம் 'வேறுபொருள் குறித்த ஒருசொல்'ன்னே சொல்லுது, பழைய சொல்லகராதியான திவாகர நிகண்டுல ஒருசொல் பல்பொருளுக்குன்னு தனித் தொகுதியே இருக்கு. ஆங்கிலத்துக்கு மட்டும்தான் இந்தச் செல்வம்னு வாயப் பொளக்குறவங்களுக்காகச் சொல்றேன்.

இது வெறும் பள்ளிக்கூட விவகாரம்னு நெனச்சுறாதீங்க. நான் கட்டுமானத் தளத்துல மேற்பார்வையாளரா வேலை பாக்குறேன். கான்கிரீட்ல 'செட்டிங்' வேற 'ஹார்டனிங்' வேற. ஊத்தின சில மணி நேரத்துல கலவை இறுகி, கொழகொழப்பு போயி, விரல வச்சா பதியாத நெலைக்கு வந்துரும், அதுதான் செட் ஆவுறது. 'ஹார்டனிங்'ங்கிற பலம் ஏறுறது அதுக்கப்புறம் நாள்கணக்குல மெதுவா நடக்குற சங்கதி, அதனாலதான் ஊத்துறப்பவே கனசதுர மாதிரி எடுத்து வச்சு 7 நாள்லயும் 28 நாள்லயும் நசுக்கிப் பாக்குறோம். மேல தொட்டா கல்லு மாதிரி இருக்கேன்னு கீழ முட்டு குடுத்த கம்பிய உருவிட முடியுமா?

ஒரு தளத்துல நடந்தத சொல்றேன், எந்தக் கம்பெனின்னு வேணாம். அடுத்த வேலைக்கு ஆளு, சாமான் எல்லாம் தயார்ங்கிற அர்த்தத்துல இன்ஜினியரு வாக்கிடாக்கியில 'லெவல் த்ரீ ஆல் செட்'டுன்னாரு. ஊருலேருந்து புதுசா வந்த தம்பி ஒருத்தன், பாவம் வேலையில கெட்டிக்காரன்தான், மூணாவது மாடி கான்கிரீட் செட் ஆயிருச்சு முட்டுக் கம்பியக் கழட்டலாம்னு அர்த்தம் எடுத்துக்கிட்டு ஸ்பானரோட போயி நிக்கிறான். முதல் முட்டோட திருகுல கைய வச்சுட்டான். பக்கத்துல இருந்த நம்ம மூத்த ஃபோர்மேன் அண்ணன் போட்ட சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டுருக்கும். "டேய் தம்பி, எறங்குடா கீழ, யாரக் கேட்டுக் கை வச்ச?"

அந்தத் தம்பியத் திட்டி என்ன பண்றது, அவன் கத்துக்கிட்ட 'செட்'டுக்கு அது ஒண்ணுதான் அர்த்தம். மறுநாள் காலையில வேலை தொடங்குறதுக்கு முன்னாடி பாதுகாப்பு பத்திப் பேசுற டூல்பாக்ஸ் மீட்டிங்ல அண்ணன் தமிழ்லயே பிரிச்சுச் சொன்னாரு: ஆளு சாமான் தயாருன்னா 'ரெடி'ன்னு சொல்லு, கலவை கட்டிப்பட்டா 'இறுகிருச்சு'ன்னு சொல்லு, முட்டக் கழட்டுறதா இருந்தா இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட தாள் கையில இருக்கணும், வாயால சொன்னா செல்லாது. வங்காளத் தம்பிங்களுக்கும் சீனத் தொழிலாளிங்களுக்கும் அவங்கவங்க ஆளு எடுத்துச் சொன்னாங்க. அதுலேருந்து எங்க தளத்துல 'ஆல் செட்'டுன்னு யாரும் சொல்றதில்ல, மறந்து சொன்னா அன்னிக்கு டீ காசு அவரு கையிலேருந்து.

அதனால ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்க மாணவர் பக்கத்துல சொற்பட்டியல் போடுறப்ப ஒத்தைக்கு ஒத்தை போடாம, வாரத்துக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்ல எடுத்துக்கிட்டு ஆறேழு வாக்கியம் போடுங்க, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழ்ல எந்தச் சொல்லு பொருந்துதோ அதைப் பக்கத்துலயே குடுங்க. அகராதித் தமிழாப் போடாதீங்க, வீட்டுலயும் வேலையிலயும் பேசுற தமிழா இருக்கட்டும். எடம் கம்மின்னா மத்த சொல்ல அடுத்த மாசம் பாத்துக்கலாம், பிள்ளைங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. வாசகர்களையும் எழுதச் சொல்லுங்க. தையக்காரங்க, லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் நகைக்கடையில கல்லு பதிக்கிறவங்க, தாதிங்க, இவங்க வாயில 'செட்'டுக்கு என்ன தமிழ் வருதுன்னு எனக்கே தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு. தையக்கடையில 'சட்டை தோள்ல நல்லா உக்காந்திருக்கு'ன்னு சொல்லுவாங்க பாருங்க, உக்கார வைக்கிறதுங்கிற அந்த மூல அர்த்தம் அப்படியே அதுல இருக்கு.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர்